குறையாத போத்தல்

மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டத்தில் திங்கட்கிழமை விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு வராதவர்கள் இரண்டே வகை. ஒன்று, காய்ச்சலில் கிடக்கிறவர்கள். இன்னொன்று, லெட்சுமணன். மற்ற ஆண்கள் கங்காணியிடம் பேர் கொடுத்துவிட்டுக் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் கத்தியோடு மலையேறுகிற நேரத்தில், அவன் கம்பளியைத் தலைக்குப் போட்டுக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்குவான். ஆறு மைல் நடந்து பொலிஸ் நிலையத்துப் புத்தகத்தில் பெருவிரலை அழுத்திவிட்டு, அதே ஆறு மைலை ஏறி வருவான். அன்றைக்குப் பேர் கிடையாது, கூலியும் கிடையாது. பேர் இல்லையென்றால் அரிசியிலும் ஒரு நாள் இல்லை.

வரிசை வீடுகளான லயத்தில் பாதிப் பேருக்கு இது வேடிக்கை. சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் புஷ்பம் வாசலில் மிளகாய் அரைத்துக்கொண்டே சொல்லுவாள்: "நம்ம தொரையே மாசத்துக்கு ஒருக்காத்தான் டவுனுக்குப் போறாரு. பேச்சி புருசனுக்கு வாரா வாரம் அழைப்பு."

பேச்சியம்மா சிரிக்க மாட்டாள். அவன் திரும்பி வந்து கம்பளியை உதறிக் கொடியில் போடும் வரை அவள் கைக்குக் கொழுந்து சிக்காது. இரண்டு இலையும் ஒரு குருத்தும் என்று ஆய வேண்டிய இடத்தில் முற்றிய இலையையும் சேர்த்துப் பிடுங்கிக் கங்காணியிடம் ஏச்சு வாங்குவாள்.

எல்லாம் அபினால் வந்தது. லெட்சுமணன் மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டுகிறவன். அடைமழையில் மலைச்சரிவில் முழங்கால் தண்ணீரில் நின்று, குனிந்தபடியே மண்ணை வாரிப் போடுகிற வேலை. நாலு மழைக்காலம் வெட்டினால் இடுப்பு கழன்றுபோகும். கழன்ற இடுப்புக்கு எவனோ ஒரு மிளகளவு உருண்டையைக் கொடுத்தான். அன்றைக்கு அவன் ஒன்றரை ஆள் வேலை செய்தான். அதற்குப் பிறகு வலிக்காகத் தின்றானா, தின்னாவிட்டால் வலிக்கிறது என்று தின்றானா என்பது அவனுக்கே பிடிபடவில்லை. மாசி மாதம் கடைவீதியில் மடியைச் சோதித்த பொலிஸ், ஒரு பொட்டலத்தோடு அவனைப் பிடித்துக்கொண்டுபோனது.

கண்டிக் கோட்டில் நீதவான் வெள்ளைக்காரர். முதல் குற்றம் என்பதால் ஆறு மாதப் பிணையில் விட்டார். வாரம் ஒரு தரம் கைநாட்டு. அதற்குள் மறுபடி அபினோடு அகப்பட்டாலோ, தின்றது தெரிந்தாலோ, ஆறு மாதம் போகம்பறைச் சிறையில் கடூழியம். தோட்டத்துக் கிளாக்கர் சுந்தரலிங்கம் அதற்கு மேலும் ஒன்றைச் சொன்னார். அவர் யாழ்ப்பாணத்து மனிதர், இரக்கத்தையும் அதட்டலாகத்தான் சொல்லத் தெரியும்.

"இஞ்ச பார் பேச்சி. தேயிலைக்கு விலை இல்லை. துரை ஆள் குறைக்கச் சொல்லிக் கடிதம் வந்து கிடக்குது. மறியலுக்குப் போனவன்ர குடும்பத்தைத்தான் முதல்ல வெட்டுவினம். வேலை நிப்பாட்டின பத்துச்சீட்டைக் கையில தந்து இந்தியாவுக்குக் கப்பலேத்திப் போடுவினம். விளங்குதே?"

பேச்சியம்மாவுக்கு நன்றாக விளங்கியது. இந்தியாவில் அவளுக்கு யாரும் இல்லை. அவள் பிறந்தது இதே லயத்தில், ஐந்தாம் காம்பராவில். நாலு வயது மகள் அழகம்மா பிறந்ததும் அங்கேதான்.

ஆனால் பொலிஸ் கூட்டில் மூன்று நாள் கிடந்து வந்த புருசன், கப்பல் வரைக்கும் தாங்குவான் என்று தோன்றவில்லை. மூக்கும் கண்ணும் ஒழுகின. கொட்டாவி கொட்டாவியாக விட்டான். குடித்த கஞ்சி தங்கவில்லை, மேலும் போனது, கீழும் போனது. கால் இரண்டும் தன்பாட்டில் உதைத்து, சாக்குப் படுக்கை கிழிந்தது. "ஒரு கடுகு அளவு புள்ள, செத்துருவேன்" என்று காலைப் பிடித்தான். பிடிபட்டால் ஆறு மாதம். கொடுக்காவிட்டால் இரண்டு நாள் உயிர். அவள் மகளைப் புஷ்பத்திடம் விட்டுவிட்டு மக்கீன் முதலாளி கடைக்கு நடந்தாள்.

மக்கீன் அரிசி, கருவாடு, புகையிலை விற்கிறவர். அபின் தின்கிறவர்களுக்கு அரசாங்கம் முன்னொரு காலத்தில் கொடுத்த புத்தகம் அவரிடம் இருந்தது. புத்தகம் உள்ளவர் தனக்கான அளவை வாங்கித் தின்னலாம், அடுத்தவருக்கு ஒரு துளி கொடுத்தாலும் குற்றம். ஊரெல்லாம் அறிந்தது, மனிதர் இப்போது அதை விட்டுக்கொண்டிருக்கிறார், ஹஜ்ஜுக்குப் போக நிய்யத்து வைத்துவிட்டார் என்பது. எப்படி விடுகிறார் என்று கேட்கத்தான் அவள் போனாள்.

அவர் கடைக்குப் பின்னால் கூட்டிப்போய் ஒரு போத்தலைக் காட்டினார். நிலவேம்பும் தேயிலைத்தூளும் போட்டுக் கொதிக்க வைத்த கறுத்த கசாயத்தில் அபினைக் கரைத்து வைத்திருந்தார்.

"ஒரேயடியா வெட்டினா மனிசன் மவுத்தாப் போவான் தங்கச்சி. காலைல ஒரு கரண்டி, அந்திக்கி ஒரு கரண்டி. எடுத்த கரண்டிக்கு ஒரு கரண்டி வெறுங் கசாயம் ஊத்தோணும். போத்தல் ஒருநாளும் கொறஞ்சி ஈக்கப்படாது. நெறஞ்சபடியே ஈக்கும், உள்ளுக்கு உள்ள சாமான் மட்டும் கொறஞ்சிட்டே போகும். ரெண்டு மூணு மாசத்துல அது வெறுங் கசாயம்."

"அவருக்குத் தெரிஞ்சா?"

"செல்லப்படாது. கொறையிற எண்டு வெளங்கினா அண்டைக்கே ஒடம்பு முறுக்கும். நான் ஊத்துறல்ல, ஏன்ட பொண்டாட்டி ருக்கியாதான் ஊத்துற. எந்த நேரம் ஊத்துற எண்டு இதுவரைக்கும் நான் கேட்டதும் இல்ல."

இரண்டு உருண்டைகளை வாழையிலைச் சருகில் மடித்துத் தந்தார். பெரியது போத்தலுக்கு. சின்னது, உயிர் போகிற நிலைமை வந்தால் மட்டும். எங்கே வாங்கியது என்று செத்தாலும் சொல்லக் கூடாது. காசு வாங்க மறுத்துவிட்டார். ஹஜ்ஜுக்குப் போகிறவன் இதற்குக் காசு வாங்கினால் அல்லாஹ் என்னைக் கப்பலிலேயே திருப்பி அனுப்புவான் என்றார்.

அன்றிலிருந்து அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பழைய எண்ணெய்ப் போத்தல் நின்றது. விடிகாலையில் பிரட்டுக்கு முன் ஒரு கரண்டி. அவன் முகம் சுளித்து விழுங்கி, நேற்றைய ரொட்டியைக் கட்டச்சம்பலில் தொட்டுத் தின்றுவிட்டு மண்வெட்டியோடு போவான். அவன் முதுகு வாசலைத் தாண்டியதும் அவள் சட்டியிலிருந்து வெறுங் கசாயத்தை ஒரு கரண்டி ஊற்றித் தக்கையால் அடைப்பாள். அந்தியிலும் அப்படியே. முதல் கிழமை ஊற்றியது பாதி, சிந்தியது பாதி.

சித்திரை கழிந்தது. வைகாசி மழை பிடித்தது. லெட்சுமணனுக்குச் சோறு இறங்கத் தொடங்கியது. கருவாட்டுக் குழம்பில் உப்புக் குறைவு என்று சண்டை பிடித்தான். அந்தச் சண்டை அவளுக்கு இனித்தது. உப்புக் கேட்கிற நாக்கு உயிரோடிருக்கிற நாக்கு.

"போத்தல் கொறையவே மாட்டேங்குதே புள்ள," என்றான் ஒரு நாள், தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு. "மொதலாளி மந்திரிச்சுக் குடுத்தாரோ?"

"பெரிய உருண்டை போட்டது. நீங்க குடிக்கிறது ரெண்டு கரண்டி. கொறையாதுதான்."

அவன் நம்பினான். நம்பாமலிருக்க அவன் விரும்பவில்லை என்பதும் உண்மை. ஆனியில் பேச்சியம்மா நாக்கில் தொட்டுப் பார்த்தாள். நிலவேம்பின் கசப்புத்தான் மிச்சம். பதினாறு திங்கட்கிழமை போயிருந்தது. இன்னும் பத்து.

அப்போதுதான் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள் மழையில் கான் உடைத்துக்கொண்டு ஓட, ராவும் பகலும் நின்று அணைகட்டிய ஆண்களில் நாலு பேர் விழுந்தார்கள். மற்ற மூன்று பேரைத் தோட்டத்து மருந்தையா வந்து பார்த்தார். பேச்சியம்மா அவரைத் தன் காம்பராவுக்கு அழைக்கவில்லை. கண்ணைப் பிரித்துப் பார்த்து அபின் என்று கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயம். சனிக்கிழமை காய்ச்சல் ஏறி லெட்சுமணன் பிதற்றினான். கால் மறுபடி உதைத்தது. மாசி மாதம் பார்த்த அதே உதை. காய்ச்சல் உதையா அபின் உதையா என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. சருகை அவிழ்த்துச் சின்ன உருண்டையைப் போத்தலுக்குள் போட்டுக் குலுக்கினாள். இரண்டு கரண்டி குடித்த பிறகு அவன் தூங்கினான். அவள்தான் தூங்கவில்லை.

திங்கட்கிழமை அவனால் எழுந்து நிற்க முடியவில்லை. அவள் பிரட்டுக்களத்துக்குப் போய்க் கங்காணியிடம் சொன்னாள். கங்காணி கிளாக்கரிடம் சொன்னார். கிளாக்கர் செக்ரோல் புத்தகத்தில் அவன் பேருக்கு நேரே சுகவீனம் என்று எழுதினார். பேச்சியம்மா நிம்மதியாகக் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினாள். பிறந்ததிலிருந்து அவள் கண்ட அரசாங்கம் அதுதான். அரிசி கொடுப்பது தோட்டம், கலியாணத்துக்கு உத்தரவு கொடுப்பது தோட்டம், பிணத்துக்குக் குழி காட்டுவது தோட்டம். செக்ரோலில் ஏறிய சங்கதி பொலிசுக்குப் போகாது என்று அவளுக்கு மட்டுமல்ல, அந்த லயத்தில் எவருக்கும் தோன்றவில்லை.

புதன்கிழமை பகல் பொலிஸ் சார்ஜன் வந்தார். சிங்கள மனிதர், பாதித் தமிழில் பேசுவார். கைநாட்டு வைக்காதவன் ஓடிவிட்டானா என்று பார்க்கத்தான் வந்தார். படுத்திருந்தவனைக் கண்டதும் முகம் இளகியது. "உணத?" காய்ச்சலா என்று கேட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, பிணையில் நிற்பவன் வீடு ஆயிற்றே என்று சும்மா ஒரு சுற்றுப் பார்த்தார். அடுப்புப் பக்கத்துப் போத்தலின் தக்கையைக் கழற்றி மோந்தவர் இரண்டாந்தரமும் மோந்தார்.

"போத்தல் நிறைய இருக்கு," என்றார். குரல் மாறிவிட்டது. "இது யாருக்கு?"

லெட்சுமணன் எழுந்து உட்காரப் பார்த்தான். பேச்சியம்மா முந்திக்கொண்டாள்.

"என்னோட மருந்துங்க. தோள்பட்டை வலிக்கு."

அவளைத்தான் கூட்டிப்போனார்கள்.

மறுநாள் கண்டிக் கோட்டில் நிற்கும்போது அவள் நெற்றியில் கூடைக் கயிற்றின் தழும்பு தெரிந்தது. நீதவான் போத்தலைத் தூக்கிப் பார்த்தார். விளிம்பு வரை நிறைந்த கறுப்புத் தண்ணீர். இவ்வளவும் அபினா என்று கேட்டார். அது கொழும்பில் சோதித்தால்தான் தெரியும் என்று சொன்னார்கள். இரண்டு கிழமைத் தவணை. கிளாக்கர் சுந்தரலிங்கம் பிணைக்கு ஒப்பம் வைத்தார். திரும்பி வரும் ரயில் கோச்சியில் வத்தேகமை வரைக்கும் அவளை ஏசிக்கொண்டே வந்தார். அவளுக்கு இஞ்சித் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

"உன்ர எண்டே சொல்லு. புருசன்ர எண்டு வாயில வரப்படாது. ஆனா அது மட்டும் போதாது. அண்டைக்கு அவனையும் கூப்பிட்டு டொக்டரிட்டக் காட்டுவினம். அவன்ர உடம்பில அபின் அடையாளம் கண்டால், நீ என்ன சொல்லியும் பிரயோசனமில்லை. ரெண்டு பேரும் உள்ள."

இரண்டு கிழமை. போத்தலும் இல்லை, உருண்டையும் இல்லை. இருந்தாலும் கொடுக்க முடியாது.

காம்பராவுக்குள் நுழைந்ததும் அவன் கேட்டது வழக்கைப் பற்றியல்ல. "போத்தலக் கொண்டுபோயிட்டாங்களே புள்ள. நான் என்ன செய்வேன்?" உதடு காய்ந்திருந்தது. கண் நீர் கொட்டத் தொடங்கியிருந்தது.

கோச்சியில் வந்த வழியெல்லாம் அவள் யோசித்து வைத்திருந்த பொய்யை அப்போது சொன்னாள். பாதி உண்மையான பொய்.

"அதுல ஒன்னுமில்லீங்க. நீங்க குடிச்ச ஒவ்வொரு கரண்டிக்கும் நான் வெறுங் கசாயம் ஊத்திக்கிட்டே வந்தேன். ஒரு மாசத்துக்கு மேல நீங்க குடிச்சது வெறும் நெலவேம்பு."

 அவன் அசிங்கமாக ஒரு வார்த்தை ஏசினான். ஏமாற்றிவிட்டாய் என்றான். கொஞ்சம் கழித்து, "அப்ப நான் விட்டுட்டேனா?" என்றான்.

"எப்பவோ விட்டுட்டீங்க."

"பெறகு ஏன் ஒடம்பு இப்பிடி முறுக்குது?"

"காச்ச விட்ட ஒடம்பு. சோந்து கெடக்கு. அடுத்த லயத்துல காச்சக் கண்ட மூணு பேரும் இப்பிடித்தான் கெடக்குறாங்களாம், கேட்டுப் பாருங்க."

சின்ன உருண்டையைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. அது கொழும்பில் ஏதோ ஒரு கண்ணாடிக் குழாயில் கரைந்துகொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தப் பதினான்கு நாளை அவள் எப்படிக் கடந்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாலாம் நாள்தான் மோசம். அவன் வேர்த்து, நடுங்கி, வாந்தியெடுத்தான். ஆனால் மாசி மாதத்தைப் போல அவள் காலைப் பிடிக்கவில்லை. "பாழாப்போன காச்சல்" என்று காய்ச்சலை ஏசினான். கடைவீதிக்குப் போகிறேன் என்று ஒரு தரம் எழுந்தான். எதுக்கு என்று கேட்டாள். எதுக்கு என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. விட்டுவிட்ட ஆளுக்குக் கடைவீதியில் என்ன வேலை? திரும்ப உட்கார்ந்துகொண்டான். வந்த திங்கட்கிழமைகளில், ஒரு தடியை ஊன்றிக்கொண்டு கைநாட்டு வைக்கப் போனான். அவளும் கூடவே போனாள். இரண்டு பேருக்கும் பேரில்லை. புஷ்பம் குழந்தைக்குக் கஞ்சி ஊற்றினாள். பொலிஸ் போத்தலைத் தூக்கிப் போனதைக் கண்ட நாளிலிருந்து அவள் வாசலில் வேடிக்கைப் பேச்சு இல்லை.

பத்தாம் நாள் மக்கீன் முதலாளி கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வந்துவிட்டார். வெள்ளைத் தொப்பி, புதுச் சாரம், முகம் செத்துப் போயிருந்தது. அடுத்த கிழமை கப்பல். நெஞ்சில் இதை வைத்துக்கொண்டு கஃபாவைப் பார்க்க முடியாது, கோட்டில் வந்து நான்தான் கொடுத்தேன் என்று சொல்கிறேன் என்றார்.

பேச்சியம்மா கூடையை இறக்காமலே பதில் சொன்னாள்.

"நீங்க குடுத்தது எனக்கில்ல, அவருக்குன்னு ஆயிரும் மொதலாளி. அவரு போகம்பறைக்குப் போவாரு, நாங்க கப்பலேறுவோம். நீங்க நல்லது செய்யணும்னா ஒங்க கப்பல்ல நீங்க ஏறிப் போங்க."

 அவர், "அங்க போய் ஒங்க ரெண்டு பேருக்கும் துஆக் கேக்கிறன் தங்கச்சி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

தவணை நாளன்று கண்டியில் மழை. கோட்டு விறாந்தையெல்லாம் குடைத் தண்ணீர். காலையிலேயே லெட்சுமணனை அரசாங்க டொக்டர் பார்த்தார். கண்ணை விரித்து, நாடி பிடித்து, வயிற்றை அமுக்கி, நாக்கை நீட்டச் சொன்னார். கதவுக்கு வெளியே பேச்சியம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். இந்த ஆள் இப்போது அபின் தின்கிறவன் அல்ல, காய்ச்சலிலிருந்து தேறியவன் என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார். சுந்தரலிங்கம் வாசித்துச் சொன்னதும் லெட்சுமணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "நான் எப்பவோ விட்டதுங்களே," என்றான் கிளாக்கரிடம்.

வழக்குக் கூப்பிட்டார்கள். கொழும்புக் கடிதத்தை வாசித்து முடித்ததும், மொழிபெயர்க்கிற முதலியார் தமிழில் சொன்னார்: "போத்தலில் உள்ளது மூலிகைக் கசாயமும் தேயிலையும். அதில் அபினும் கலந்திருக்கிறது. அளவு கொஞ்சம், ஆனால் சந்தேகமில்லை." யாருடையது என்று நீதவான் கேட்டார்.

"என்னோடதுங்க சாமி. நான்தான் திங்கிறேன். அவருக்கு இதுல சம்பந்தமில்லீங்க."

பின்னால் ஆட்கள் நிற்கிற இடத்தில் லெட்சுமணன் இருந்தான். அபினும் கலந்திருக்கிறது என்ற வார்த்தையில் அவன் தலை நிமிர்ந்ததை அவள் கண்டாள். வாய் திறந்தது. அவள் அவனைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இல்லை. கொழுந்து மலையில் கங்காணி பார்க்கிற பார்வை அது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

பிணையில் நிற்பவன் வீட்டில் அபின் வைத்தது பாரதூரமானது என்று நீதவான் சொன்னார். ஒரு மாதம் மறியல்.

கொண்டுபோகும் முன் விறாந்தையில் சற்று நேரம் நிற்க விட்டார்கள். பக்கத்தில் பெண் காவலாளி நின்றாள். சுந்தரலிங்கம் வந்து, ஒரு மாதத்துக்கு உன் பேரை வெட்டாமல் வைக்கத் துரையிடம் கதைக்கிறேன், ஆனால் அவன் ஒழுங்காக இருந்தால்தான் கதைக்க முகமிருக்கும் என்று சொல்லிவிட்டுத் தள்ளிப்போனார். லெட்சுமணன் கிட்டே வந்தான். மழைத்துளி முகத்தில் ஓடியது.

"வெறுங் கசாயம்னு சொன்னியே."

"காச்சல்ல நீங்க கெடந்தப்ப ஒரு துண்டு போட்டேன். பொலிஸ் வந்த அன்னைக்குக் காலைலயும் குடிச்சீங்க."

"அப்ப இந்த ரெண்டு கெழமையும்?"

"ஒன்னுமில்லாமத்தான் இருந்தீங்க."

அவன் சுவரில் சாய்ந்தான். கணக்குப் போடுகிறவனைப் போல வாய் அசைந்தது. நாலாம் நாளை நினைத்திருக்க வேண்டும், உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது.

"அது காச்சல் இல்லையா?"

"இல்ல."

அவள் அரிசியைப் பற்றிச் சொன்னாள். குழந்தைக்கு இருமல் வந்தால் புஷ்பத்திடம் கேட்கச் சொன்னாள். சொல்ல வேண்டியது அதுவல்ல என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"தெரியாம இருந்துட்டேன் பேச்சி," என்றான் அவன். "இனிமே தெரிஞ்சுக்கிட்டே இருக்கணுமே."

"இருக்கணும்," என்றாள்.

பெண் காவலாளி கையைத் தொட்டாள். லொறியில் ஏறி உட்கார்ந்து, நனைந்த முந்தானையைப் பிழிந்தபோதுதான் பேச்சியம்மாவுக்கு உறைத்தது. இன்றைக்கு ராத்திரி அவனுக்கு உடம்பு முறுக்கினால், அது காய்ச்சல்தான் என்று சொல்ல அந்தக் காம்பராவில் ஆளில்லை.